தூரத்துக் கிரகத்தின் கடைசி வாரம்

விண்வெளிக்குப் போவதற்கு அமெரிக்காக்காரன் கோடி கோடியாய்க் கொட்டுகிறான். வேலம்பாளையத்து மோகன்ராஜுக்கு ஆன செலவு, மூடிக்கிடந்த ஒரு சாயப்பட்டறையின் வாட்ச்மேனுக்கு வாங்கிக் கொடுத்த பரோட்டாவும் டீயும்தான். துணிக்குச் சாயம் ஏற்றுகிற பெரிய எவர்சில்வர் இயந்திரத்துக்கு வட்டமாய் ஒரு கண்ணாடி மூடி உண்டு. அதற்குப் பின்னால் ஒருத்தனை உட்காரவைத்து, வெள்ளைத் துணியில் தைத்த தடித்த கோட்டை மாட்டிவிட்டால் அது ராக்கெட். வேற்றுக் கிரகத்துக்கு செட்டே போடவில்லை. நொய்யல் கரையில் கேமராவை வைத்தார்கள், அவ்வளவுதான். நுரையும் நிறமுமாய்ப் போகும் அந்தத் தண்ணீரைப் பார்த்து, இது பூமிதான் என்று சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது.

இப்படிப் பிறந்ததுதான் ‘தூரத்துக் கிரகம்’ தொடர். கன்னையனின் லோக்கல் கேபிள் சேனலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோறும் ஓடியது. கல்யாண வீடியோ எடுக்கும் டேனியல்தான் கேமரா. எழுத்தும் இயக்கமும் மோகன்ராஜ். அவருக்கு மற்ற ஆறு நாளும் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு சாம்பிள் அனுப்புவது, ‘கழுத்து அகலம், கை குட்டை’ என்று அவர் கமெண்ட்ஸ் சொன்னால் மாற்றித் தைத்து அனுப்புவது, அவர் சரி என்கிறவரை மாற்றிக்கொண்டே இருப்பது. பல வருஷமாய் இதையே செய்த மனிதருக்கு, கதையையும் இப்படித்தான் செய்யவேண்டும் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

ஆகவே சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேமராவை வயர் போட்டு கம்பெனி கேன்டீன் டிவியில் மாட்டி, மறுநாள் வரவேண்டிய பாகத்தை தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களுக்குப் போட்டுக் காட்டுவார். “கமெண்ட்ஸ் சொல்லுங்கம்மா, கூச்சப்படாதீங்க” என்பார். செக்கிங் பெண்களிடம் குற்றம் கண்டுபிடிக்கச் சொல்வதும், எறும்புப் புற்றில் சர்க்கரை கொட்டுவதும் ஒன்று. இரண்டாவது வாரமே மருதம்மாள் எழுந்துபோய், தன் மேசையிலிருந்து கொண்டுவந்த பழுதைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை டிவி கண்ணாடியில் கதாநாயகியின் நெற்றிக்கு நேராக ஒட்டிவிட்டாள். “பொட்டு வெக்காம எவ சார் ஊட்டுல இருப்பா? ஆல்டர்!” கேன்டீனே சிரித்தது. அடுத்த வாரம் கதாநாயகி பொட்டு வைத்திருந்தாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

கருத்தம்மா மட்டும் ஸ்டிக்கரைத் தொட்டதில்லை.

செக்கிங்கில் அவள் பழைய கை. விளாத்திகுளம் பக்கமிருந்து புருஷன் ராமரோடு பிழைக்க வந்தவள். மேசைக்கு வரும் பனியனை ஒரு புரட்டு, ஒரு இழுப்பு. ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டுவிடும். பட்ட இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவாள். அது ஆல்டருக்குப் போகும், தைத்தவர் பிரித்து மறுபடி தைக்கவேண்டும். பழுதான பீஸை விட்டுவிடுவதைக் காட்டிலும் நல்ல பீஸில் ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் பெரிய பாவம் என்பது அவள் கட்சி. நன்றாய்த் தைத்ததைப் பிரித்தால் துணியும் கெடும், தைத்தவன் மனசும் கெடும். அந்தப் பாவத்தை அவள் ஒருநாளும் செய்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அவளிடம் வேறு என்ன இருந்தது கர்வப்பட?

ராமர் சாயப்பட்டறை வேலையை விட்டுவிட்டு, ஒரு ஏஜென்ட் பேச்சை நம்பி அரபு நாட்டுக்குப் போனான். முதலில் வீட்டுக்கார அம்மா ஞானாம்பாளின் போனுக்கு மாதம் ஒரு தரம் பேசினான். “நல்லா இருக்கேன் புள்ள, பொங்கலுக்கு வந்துருதேன்” என்பது கடைசிப் பேச்சு. அந்தப் பொங்கலும் போனது, அடுத்த பொங்கலும் போனது. ஏஜென்ட் ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. கோயமுத்தூர் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. செத்த வீட்டில் அழுது தீர்க்கலாம். இது அதற்கும் வழியில்லாத துக்கம்.

அதனால்தான் ‘தூரத்துக் கிரகம்’ அவளைப் பிடித்துக்கொண்டது. கதை இதுதான். ஆதவன் என்பவன் வெகு தூரத்துக் கிரகத்துக்குத் தனியாய்ப் போகிறான். அவன் பேசினால் அந்தப் பேச்சு பூமிக்கு வந்துசேர நாலு வருஷம் ஆகும். பூமியில் அவன் மனைவி மணிமொழி ஒரு வானொலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, “நலமாக இருக்கிறேன்” என்று அவன் எப்போதோ சொன்னதை இப்போது கேட்கிறாள். கேட்கிற நேரத்தில் அவன் நலமா, இருக்கிறானா என்பது அவளுக்குத் தெரியாது. மற்றப் பெண்கள் “இதென்ன சார், ஒண்ணும் வெளங்கல” என்றார்கள். கருத்தம்மாவுக்கு விளங்கியது. படிக்காத அவளுக்கு அந்த விஞ்ஞானத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘பொங்கலுக்கு வந்துருதேன்’ என்பதை அவள் இன்னமும் தினம் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

தொடர் ஆரம்பத்தில் தைரியமாய்த்தான் இருந்தது. ஒரு பாகத்தில் பேச்சே கிடையாது. மணிமொழி பெட்டிமுன் காத்திருப்பது மட்டும்தான். இன்னொன்றில் அவளுக்கு நரை விழுந்துவிட்டது, ராக்கெட் வேகத்தில் வயசு ஏறாத ஆதவன் இளைஞனாகவே இருந்தான். ஸ்டிக்கர்கள் வர வர இதெல்லாம் ஒவ்வொன்றாய் உதிர்ந்தது. நரைக்கு ஸ்டிக்கர். மௌனத்துக்கு ஸ்டிக்கர். மாமியார் இல்லாததற்கு நாலு ஸ்டிக்கர். மாமியார் வந்தாள், முறைப்பையன் வந்தான், ராக்கெட்டுக்குள் ஆயுதபூஜை நடந்தது. டேனியல்தான் பொருமினான்.

“ஏனுங்ணா, இது சயின்ஸ் கதைங்களா, சீமந்தமுங்களா? ஒரு வாரமாச்சும் நம்ம இஷ்டத்துக்கு எடுக்கலாமுங்க.”

“பாக்கறவங்க வேண்டாம்கறத எதுக்கப்பா எடுக்கோணும்?” என்றார் மோகன்ராஜ்.

பணம் போட்ட கன்னையன் இன்னும் தெளிவாய்ச் சொன்னார்: “ரிஸ்க் எடுக்கறதுன்னா நான் எக்ஸ்போர்ட்டே பண்ணியிருப்பனே கண்ணு. கேபிள் வயரு எதுக்கு இழுக்கறேன்?”

இந்த நேரத்தில்தான் கட்டிங் மாஸ்டர் குருசாமி கருத்தம்மாவிடம் பேசினார். காங்கேயத்துக்காரர். மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது, பிள்ளையில்லை. கம்பெனி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் எதிர்ப்புறத்து மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குச் சுத்திவளைச்சுப் பேசத் தெரியாதுங்க. உங்களுக்குச் சம்மதம்னா ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல இருக்கலாமுங்க. கோயில்ல மாலை மாத்திக்கலாம். அவசரமில்லீங்க. ஆனா வேண்டாம்னா மட்டும் எப்படியாச்சும் தெரியப்படுத்தீருங்க. சும்மா காக்க வெச்சறாதீங்க. காத்துட்டு இருக்கறது எப்படீன்னு உங்களுக்குத் தெரியுமுங்களே.”

பஸ் வந்தது, கருத்தம்மா ஏறிவிட்டாள். ஆனால் அன்று வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டும்போது, இரண்டு பேருக்குச் சமைப்பது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாளும் நினைத்தாள்.

ராமர்மேல் அவளுக்குக் கோபமில்லை. காத்திருந்து அலுத்துவிட்டது, அதுதான் உண்மை. ஆனால் அதை யாரிடம் சொல்வது? அவள் குடியிருக்கும் காலனி முழுக்க அவளைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு பயபக்தி வந்துவிடும். “கருத்தம்மா மாதிரி இருக்கோணும். புருசன் வருவான்னு எத்தனை நம்பிக்கை!” என்று ஞானாம்பாள் தன் மருமகளுக்குப் பாடம் நடத்துவாள். ஊரில் நல்ல பேர் வாங்குவது சுலபம், அதைச் சுமக்கிறவளுக்குத்தான் கழுத்து வலி தெரியும்.

கடைசி வாரம் வந்தது. அதற்கு முந்தின பாகத்தில் ஆதவனின் குரல் பெட்டியில் நின்றுபோயிருந்தது. அவன் வருவானா மாட்டானா என்று வேலம்பாளையத்து டீக்கடைகளில் எல்லாம் பேச்சு. கருத்தம்மா ஒரு காரியம் செய்தாள். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் சாமி முன்னால் பூப்போட்டுப் பார்க்கிறவர்கள் எல்லாரும் பைத்தியமா என்ன? கொங்கு நாட்டில் வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா என்று கேட்டுத்தான் கல்யாணமே முடிக்கிறார்கள். அவள் தொடரை வைத்துப் பூக்கேட்டாள். ஆதவன் வந்தால் நானும் காத்திருப்பேன். வராவிட்டால் குருசாமியிடம் சரியென்று சொல்லிவிடுவேன்.

சனிக்கிழமை மதியம் கேன்டீனில் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்தபடி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். குருசாமி வாசல் பக்கம் டீ கிளாஸோடு நின்றிருந்தார். இந்தத் தடவை டேனியல் கெஞ்சிக் கேட்டதில், மோகன்ராஜ் தான் முதன்முதலில் எழுதிவைத்திருந்த முடிவையே எடுத்திருந்தார். அதில் ஆதவன் வரவில்லை. மணிமொழி பெட்டிமுன் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு எழுந்து, பெட்டியைத் துணியால் துடைக்கிறாள். சுவிட்சில் கை வைக்கிறாள். அணைக்கிறாள். இரைச்சல் நிற்கிறது. அப்புறம் அவள் சமையலறைக்குப் போய் அரிசி களைகிறாள், உலை வைக்கிறாள், ஜன்னலைத் திறக்கிறாள். தெருச்சத்தம் உள்ளே வருகிறது. அதோடு முடிந்தது.

கருத்தம்மாவுக்கு நெஞ்சிலிருந்து என்னமோ இறங்கியது. பல வருஷமாய்த் தலையில் வைத்திருந்த குடத்தை யாரோ பின்னாலிருந்து வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. அப்படியொரு நிம்மதியை அவள் எதிர்பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்க்கப் பயந்து, சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் மற்றவர்கள் விடுவார்களா! மூலைக்கு மூலை மூக்குறிஞ்சும் சத்தம். சென்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சண்டைக்கு வந்தாள். “இதென்னுங்க சார், அவன வரச்சொல்லுங்க! இத்தன நாளு காத்துட்டு இருந்தவளுக்கு இதானா கூலி?”

“நிறுத்துங்கய்யா அந்த எடத்துல” என்றாள் மருதம்மாள். டேனியல் மனசில்லாமல் பின்னுக்கு ஓட்டி, மணிமொழியின் கை சுவிட்ச்மேல் இருக்கும் இடத்தில் நிறுத்தினான். மருதம்மாள் ஸ்டிக்கரை உரித்துக்கொண்டு எழுந்தாள். பாதி வழியில் நின்றாள். என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து கருத்தம்மாவின் விரலில் அதை ஒட்டினாள்.

“நீ சொல்லு கண்ணு. இதுல எங்களுக்கெல்லாம் என்ன தெரியும்? காத்துட்டு இருக்கறவ நீயி.”

எல்லார் கண்ணும் அவள்மேல். மோகன்ராஜ் முகம் வெளுத்துவிட்டது. இந்த முடிவை எடுக்கும்போது அவருக்கு இவள் ஞாபகமே வந்திருக்கவில்லை. “கருத்தம்மாக்கா, உங்க மனசு நோகற மாதிரி ஏதாச்சும்...” என்று இழுத்தார். “நீங்க என்ன சொல்றீங்களோ அதுதானுங்க பைனல்.”

அது நல்ல பீஸ் என்று அவளுக்குத் தெரியும். எந்த வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாத பீஸ். ‘இருக்கட்டும் சார்’ என்று இரண்டு வார்த்தை போதும். ஆனால் அதைச் சொன்னால் என்ன அர்த்தம்? புருஷன் வரவேண்டாம் என்று அர்த்தம். கேன்டீன் முழுக்கக் கேட்கும், காலனிக்குப் போகும், ஞானாம்பாளுக்குப் போகும், விளாத்திகுளத்துக்குப் பஸ் ஏறும். வாசலில் நிற்கிற மனிதரையும் அவளையும் சேர்த்து முடிச்சுப்போட எவ்வளவு நேரமாகும்? கால் தானாக நடந்தது. அவள் போய், சுவிட்ச்மேல் இருந்த அந்தக் கைக்கு நேராக ஸ்டிக்கரை ஒட்டினாள்.

“அவுக வரட்டும் சார்” என்றாள்.

கைதட்டினார்கள். சென்னம்மாள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். கருத்தம்மா அவள் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தபோது, அதன் பக்கத்து ஜன்னல் கட்டையில் பாதி டீயோடு கிளாஸ் மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆதவன் வந்தான். ராக்கெட் இறங்கியது, மாமியார் ஆரத்தி எடுத்தாள், மணிமொழி காலில் விழுந்தாள். காலனியில் பட்டாசு வெடித்தார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். ஞானாம்பாள் ஒரு தட்டில் மைசூர்பாகோடு வந்து, “பாத்தியா கண்ணு, உன்ற ராமரும் இப்படித்தான் வந்து நிப்பான்” என்று ஒரு துண்டை அவள் வாயில் வைத்தாள். கருத்தம்மா அதை மென்று விழுங்கினாள்.

திங்கட்கிழமை அவள் கட்டிங் மேசைக்குப் போனாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் கூட்டிவைத்திருந்தாள். குருசாமி துணி அடுக்கின்மேல் கையை வைத்துக்கொண்டு, அவள் வாய் திறக்கும் முன்னே பேசிவிட்டார்.

“சங்கடப்படாதீங்க. நீங்க சனிக்கிழமையே சொல்லீட்டீங்க. தெரியப்படுத்துங்கன்னு நான்தானுங்க கேட்டேன். நல்ல மனசுங்க உங்களுது. அவுரு வந்துருவாருங்க.”

அவர் குரலில் துளிக் குத்தல் இல்லை. அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை. ‘அது பொய்’ என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் அளவு பார்க்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். “சரிங்கண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். ‘அண்ணே’ என்று ஏன் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தீபாவளிக்கு அப்புறம் அவர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். தை மாசத்தில் அவிநாசிப் பக்கம் கல்யாணம் என்று செக்கிங்குக்குச் செய்தி வந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்தார்கள். கருத்தம்மாவும் போட்டாள்.

ராமரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அடுத்த வருஷம் கம்பெனிப் பொங்கல் விழாவை வீடியோ எடுக்க டேனியல் வந்தான். தொடர் நின்று போயிருந்தது. கன்னையன் இப்போது பாட்டு மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். கேன்டீனில் டீ குடிக்கும்போது டேனியலும் மோகன்ராஜும் பழையபடி மோதிக்கொண்டார்கள். கருத்தம்மா பக்கத்து பெஞ்சில் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஜனங்க கொண்டாடுனாங்கல்லப்பா? இன்னும் என்ன வேணும் உனக்கு?”

“கொண்டாடுனாங்க, மறந்துட்டாங்க. கடைசில நாம துணிஞ்சு எடுத்தது அந்த ஒரு முடிவுதானுங்ணா. அதையும் அழிச்சுப்போட்டோம். பயந்துட்டமுங்க நாம.”

“யாரு மனசையும் நோகடிக்கக் கூடாதுன்னு பண்ணேன். அது பயமாப்பா?” மோகன்ராஜ் எழுந்து விழாப் பக்கம் போய்விட்டார்.

டேனியல் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேன்டீன் டிவி கண்ணாடியில் பழைய ஸ்டிக்கர்களின் பசை அழுக்கேறி, அங்கங்கே கருப்பாய் இருந்தது. கருத்தம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

“தம்பி, அந்தப் பழைய முடிவு உங்கிட்ட இருக்கா?”

“இல்லீங்க்கா. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை கடை தொறக்கல. கையில வேற டேப் இல்ல. அதும்மேலயேதான் புதுசு எடுத்தோம்.” கேமராவைப் பையில் வைத்தான். “நீங்க சொன்னது தப்புன்னு சொல்லலீங்க்கா. உங்களுக்கு அதப் பாக்கக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்.”

கருத்தம்மா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை.

“அந்தப் புள்ள பெட்டிய அணைச்சுட்டு அரிசி களைஞ்சா” என்றாள். “அப்புறம் சன்னலத் தொறந்தா. தெருச்சத்தம் கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் மறக்கல.”

“ஆமாங்க்கா.”

“அது நல்ல பீஸு தம்பி. அதுல ஒரு கொறையும் இல்ல.” அவள் கத்தியை மறுபடி கையில் எடுத்தாள். “நாந்தான் ஸ்டிக்கர ஒட்டிப்புட்டேன்.”